மூச்சு வெட்டாத குரல்

பாடக்கா மூச்சு விட்டு நான் ஒருநாளும் கேட்டதில்ல. கேட்டிருந்தா என் வேலை ரெண்டு மடங்கு ஆகியிருக்கும்.

என்ன வேலைன்னு முதல்ல சொல்லிடுறேன், இல்லன்னா ஏதோ சினிமா சமாச்சாரம்னு நினைச்சுக்குவீங்க. கண்ணு தெரியாத பிள்ளைங்களுக்காகப் பள்ளிக்கூடப் புத்தகத்தை வாசிச்சுப் பதிவு பண்ணிக் கொடுக்குற நூலகம் எங்களோடது. பின்பக்கம் ஒரு சின்ன அறை. சுவர் பூரா பஞ்சு அடைச்ச மெத்தை, ஜன்னல் கிடையாது, சத்தம் விழும்னு ஃபேனும் போட மாட்டோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பாடம் வாசிக்கிறதால நாங்க பாடக்கான்னு கூப்பிடுற அக்கா உக்காந்து வாசிப்பாங்க. இந்தப் பக்கம் நான் மெஷினோட உக்காந்து வெட்டுவேன். இருமல், எச்சில் முழுங்குற சத்தம், பக்கம் புரட்டுற சத்தம், மூச்சு, எல்லாத்தையும் வெட்டணும். அதனால எனக்குக் கத்தரின்னு பேரு. வாயும் அப்படித்தான்னு ஆபீஸ்ல பேசிக்குவாங்க. பேசிட்டுப் போகட்டும், எனக்கென்ன.

மத்த வாசிக்கிறவங்க எல்லாம் மைக்குக்கு முன்னாடி ஓடி வந்த ஆள் மாதிரி மூச்சு வாங்குவாங்க. பாடக்கா மட்டும் வாக்கியம் முடியுற இடத்துல முகத்தைத் தோள்பக்கம் திருப்பி, சத்தமே இல்லாம காத்தை உள்ள இழுத்துட்டுத் திரும்பிடுவாங்க. அதுல அவங்களுக்குக் கர்வம் உண்டு. "மூச்சு என் சொந்த விஷயம் கத்தரி, பிள்ளைங்களுக்குப் பாடம் மட்டும் போதும்"னு சொல்லுவாங்க.

புவியியல்லேர்ந்து தத்துவம் வரைக்கும் அவங்க வாசிக்காத பாடம் கிடையாது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு குரல் வெச்சிருந்தாங்க. புவியியல்னா கையைப் பிடிச்சு ரோடு காட்டுற மாதிரி நிதானமா வரும். வரலாறுன்னா பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்ற தொனி, கொஞ்சம் ரகசியமா, கொஞ்சம் சந்தோஷமா. வேதியியல் வந்துட்டா கண்டிப்பு, அமிலத்தைத் தொட்டா அடி விழும்ங்கிற மாதிரி. பொருளாதாரம் வாசிக்கிறப்போ அவங்களுக்கே கொட்டாவி வந்துடும், அதையும் நான்தான் வெட்டணும்.

அவங்க கல்யாணமே ஒரு புவியியல் பாடத்தால நடந்ததுதான். ஒருநாள் வெள்ளைக் குச்சியைத் தட்டிக்கிட்டு ஒரு ஆள் நூலகத்துக்குள்ள வந்தாராம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். "ஆறுகளைப் பத்திப் படிச்ச அம்மா யாருங்க? அவங்க சொன்ன ஒரு ஆறு கடல்ல சேராம நின்னுபோச்சு, மீதி எங்கன்னு கேக்க வந்தேன்"னு கேட்டாராம். கேஸட்டுல அந்தப் பக்கம் பதிவாகாம போயிருந்தது. பாடக்கா அங்கேயே நின்னு மீதி ஆற்றை வாயால சொல்லியிருக்காங்க. அப்புறம் அவர் வாரம் தவறாம வந்தார். அதுக்கு மேல கேக்கணுமா?

நான் அவரை மாமான்னுதான் கூப்பிடுவேன். அவருக்குக் குரல்தான் ஆள். முகம், உயரம், சேலைக் கலர் எல்லாம் நம்ம விவகாரம். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போன் பண்ணினவங்களை அடுத்த தடவை "வணக்கம்"ங்கிற ஒரு சொல்லிலேயே கண்டுபிடிச்சு, போன தடவை வந்த காய்ச்சலை விசாரிப்பார். வீட்லயும் பாடக்காவோட மனசைப் பாடத்தாலதான் அளந்தார். "என்ன, இன்னைக்குக் காலையிலேயே வேதியியலா?"ன்னா அவங்க கோபமா இருக்காங்கன்னு அர்த்தம். "வரலாறு வருது, யார் வீட்டு விஷயம்?"னு காதைக் கொடுப்பார். ரெண்டு அறை வீடு, பிள்ளை இல்ல. அந்த வீட்ல குரல்தான் நாற்காலி மேஜை மாதிரி நிறைஞ்சு கிடக்கும். நான் போனா எனக்குப் பேச இடம் கிடைக்காது, எனக்கே கிடைக்காதுன்னா பாத்துக்கோங்க.

தத்துவப் புத்தகம் பதிவு பண்றப்போதான் முதல் கீறல் விழுந்துச்சு. 'பிற மனங்கள்'னு ஒரு பாடம். பக்கத்துல இருக்கிற ஆளுக்கும் நம்மை மாதிரி ஒரு உள்மனசு உண்டுன்னு நமக்கு எப்படித் தெரியும், வெளியில தெரியுற குரலையும் அசைவையும் வெச்சுத்தானே நம்புறோம், அதுவும் இல்லன்னா என்ன செய்வோம்னு போகும். பாதி வாக்கியத்துல அக்கா குரல் ரெண்டாப் பிளந்துச்சு. தண்ணி குடிச்சாங்க. மறுபடி பிளந்துச்சு. நான் வெட்டினேன். மறுநாள் வெட்ட வெட்ட மிச்சமே இல்ல.

தொண்டையில கட்டி. குரல்வளையையே எடுத்தாகணும்னு டாக்டர் சொல்லிட்டார். கழுத்துல ஒரு ஓட்டை இருக்கும், மூச்சு அது வழியா, பேச்சு இனிமே கிடையாது, ஆனா உயிருக்குப் பயமில்ல. நல்ல சேதிதான். நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். பாடக்கா சொல்லல.

"உயிரோட இருப்பேன் கத்தரி, யாருக்கு இருப்பேன்?"னு கேட்டாங்க. அந்தப் பிளந்த குரல்ல. "ஆஸ்பத்திரிக்குப் போறது அவர் பொண்டாட்டி. திரும்பி வர்றது யாரோ. அவருக்கு என்னைக் காட்ட என்கிட்ட வேற என்ன இருக்கு சொல்லு."

எனக்குக் கோபம்தான் வந்துச்சு. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவருக்குக் கை தெரியாதா, வாசனை தெரியாதான்னு கத்தினேன். அவங்க ஒரு பெட்டியை எடுத்து மேஜைமேல வெச்சாங்க. குழந்தைங்களுக்குக் கதை சொல்ற பெட்டி. பொத்தானை அமுக்கினா ஒரு வரி பேசும். உள்ள நம்ம குரலைப் போட்டுக்கலாம்.

புதுசா பேசிப் பதிவு பண்ண முடியாது, குரல் அந்த லட்சணத்துல இருந்துச்சு. அந்தக் கரகரப்பை அவர்கிட்ட விட்டுட்டுப் போக அக்காவுக்கு மனசில்ல. அதனால பழைய பாடங்கள்லேர்ந்து சொல்லு சொல்லா வெட்டி, வீட்டுக்கு வேண்டிய வாக்கியங்களை ஒட்டித் தரச் சொன்னாங்க. நானும் ஒத்துக்கிட்டேன். வெட்டத் தெரிஞ்ச எனக்கு ஒட்டத் தெரியாதா?

ஒட்டிப் பாத்தாதான் கஷ்டம் புரியுது. பாடப்புத்தகத்துல யாரும் வீட்டுப் பேச்சு பேச மாட்டாங்க. "மழை வருகிறது. துணிகளை எடுக்கவும்." மழை புவியியல்ல கிடைச்சுது, துணி பொருளாதாரத்துல. "உணவு தயார்." உணவு உயிரியல், தயார் ஏதோ ஒரு போர்க்களத்துலேர்ந்து, படை தயாரா நின்ன இடம். கேக்குறப்போ எனக்கே சிரிப்பு வந்துச்சு. சோத்துக்குக் கூப்பிடுற மாதிரியே இல்ல, சண்டைக்குக் கூப்பிடுற மாதிரி இருந்துச்சு.

கடைசியா அக்கா கேட்டது ஒரே ஒரு வாக்கியம். நான் இங்கே இருக்கிறேன். அதுக்குத்தான் நாக்குத் தள்ளிடுச்சு. 'நான்' தத்துவத்துல வேண்டிய மட்டும் கிடக்கு. 'இங்கே' புவியியல்ல. 'இருக்கிறேன்' எங்க தேடியும் இல்ல. பாடத்துல எல்லாம் இருக்கிறது, இருந்தது, இருந்தார். யாருமே இருக்கிறேன்னு சொல்றதில்ல. அவங்க வேலைக்குச் சேர்ந்த புதுசுல வாசிச்ச சின்ன வகுப்பு அறிவியல் பாடத்துல கடைசியா அகப்பட்டுச்சு. ஒரு நீர்த்துளி தன் கதையைச் சொல்லும். "நான் இப்போது மேகத்தில் இருக்கிறேன்." அந்த ஒரு சொல்லை வெட்டி எடுத்தேன்.

மூணு சொல்லையும் ஒட்டிப் போட்டுக் கேட்டேன். வயசான குரல்ல ஆரம்பிச்சு, கல்யாணத்துக்கு முந்தின பொண்ணு குரல்ல முடியுது. ஒரு ஆள் ஒரே வரிக்குள்ள பின்னாடி நடந்து போற மாதிரி இருந்துச்சு. எனக்கு இது பிடிக்கலன்னு சொன்னேன். அக்கா கேக்கல. அதோட நிக்காம இன்னொண்ணும் கேட்டாங்க.

"மூச்சை வெட்டாதே."

"உங்க மூச்சு எதுலயும் விழாதேக்கா, எங்க போறது?"

"இப்ப எடுத்துக்கோ." மைக்குக்கு முன்னாடி உக்காந்தாங்க. முகத்தைத் திருப்பிக்கல. ஆழமா இழுத்து விட்டாங்க, திரும்பத் திரும்ப. எவ்வளவு காலமா அந்த அறையில ஒளிச்சு வெச்ச மூச்சு அது. எனக்கு ஏதோ பாக்கக்கூடாததைப் பாக்குற மாதிரி கூச்சமா போச்சு.

"வேணாம்க்கா. குரல் மட்டும் இருந்தா பெட்டின்னு தெரியும். மூச்சையும் சேர்த்தா உள்ள ஆள் இருக்கிற மாதிரி ஆயிடும்"னேன்.

"ஆள் இருக்கணும்னுதானே செய்யறோம்"னாங்க. ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாடியும் மூச்சைச் சேர்த்து ஒட்டிக் கொடுத்தேன்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. அக்கா மெலிஞ்சு, கழுத்துல துணி கட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தாங்க. உடம்பு பூரா மருந்து வாடை. மூச்சு கழுத்து வழியா வருது, சைக்கிள் டயர்ல காத்து இறங்குற மாதிரி ஒரு சத்தம். எனக்கே பழக நாளாச்சு.

ஆரம்பத்துல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. "உணவு தயார்"னு பெட்டி சொல்லும், "வாளை எடுத்துட்டு வரட்டுமா?"ன்னு மாமா சிரிப்பார். ஆமான்னா ரெண்டு தட்டு, இல்லன்னா ஒரு தட்டுன்னு அக்கா மேஜையில தட்டுவாங்க. எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. நம்ம வேலை வீண் போகலன்னு கொஞ்சம் பெருமை கூட.

ஒரு மத்தியானம் மாமா ஆபீசுக்கே போன் பண்ணினார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"ஏம்மா, வீட்ல யாரோ நடக்குறாங்க."

"அக்காதான் மாமா."

"அது தெரியும். கையைத் தொட்டா அவதான்னு தெரியுது. கையை விட்டதும் யாரோ ஆயிடறாங்க. அறைக்கு அறை போறாங்க, நான் உக்காந்தா பக்கத்துல வந்து நிக்கிறாங்க, ஒண்ணும் பேசறதில்ல. உஸ் உஸ்னு மூச்சு மட்டும் வருது. ஆஸ்பத்திரியில ஆபரேட்டரா இருந்தப்போ அப்படி மூச்சு மட்டும் வர்ற போன் நிறைய வரும். வம்பு பண்றவனுங்க. உடனே துண்டிச்சுடுவேன். இப்ப எதைத் துண்டிக்கிறது சொல்லு?"

"அப்போ பெட்டி?"

"பெட்டி நல்லா இருக்கு. பேசறதுக்கு முன்னாடி அவ மூச்சு எடுக்குறாம்மா. எனக்கு அது நல்லாத் தெரியும். உங்களுக்கெல்லாம் ஒளிச்சு வெச்சா, என் பக்கத்துல படுத்துத் தூங்கறப்போ ஒளிக்க முடியுமா?"

போனை வெச்சுட்டு மெஷினை அணைச்சேன். அவர் புத்தியில கோளாறு கிடையாது. கணக்கு, செய்தி, மருந்து வேளை எல்லாம் என்னைவிட நல்லா ஞாபகம் வெச்சிருப்பார். புத்திக்குத் தெரிஞ்சது காதுக்குத் தெரியல, அவ்வளவுதான். அவர் வாழ்ந்ததெல்லாம் காதுலதான்.

அதுக்கப்புறம் போறப்பெல்லாம் பாத்தேன். மாமா பெட்டி இருக்கிற மேஜைப் பக்கமா நாற்காலியைப் போட்டுக்கிட்டார். பேசறதெல்லாம் பெட்டியைப் பாத்துத்தான். அக்கா அவருக்குப் பின்னாடி நின்னு, கையை நீட்டிப் பொத்தானை அமுக்குவாங்க. சட்டையில பொத்தான் தைக்கிறது, மாத்திரை கொடுக்குறது, தட்டைக் கழுவுறது எல்லாம் செய்யறது அவங்க. நன்றி வாங்குறது பெட்டி. சொந்த வீட்ல தன் குரலுக்கே வேலைக்காரி மாதிரி ஆயிட்டாங்க.

ஒரு காலையில நான் போனப்போ அக்கா மருந்துக் கடைக்குப் போயிருந்தாங்க. கதவு சும்மா சாத்தியிருந்துச்சு. உள்ளேர்ந்து பேச்சுக் குரல். மாமா ஏதோ சொல்றார். ஒரு மூச்சு. "மழை வருகிறது." வெளியில நல்ல வெயில். மாமா சிரிக்கிறார். மறுபடி மூச்சு. "நான் இங்கே இருக்கிறேன்." "இரு, இரு, எங்க போறே"ங்கிறார். எட்டிப் பாத்தேன். அவரே பொத்தானைத் தடவித் தடவி அமுக்கிட்டு இருந்தார். விரலுக்கு எல்லா இடமும் பழகிப் போயிருந்துச்சு.

நான் செருமினேன். "கத்தரியா, வா வா. அக்காகூடப் பேசிட்டு இருந்தேன்"னு சாதாரணமா சொன்னார். எனக்கு உக்காரப் பிடிக்கல. அந்த அறையில நாங்க ரெண்டு பேர்தான், ஆனா மூணு பேர் மூச்சு விடுற மாதிரி இருந்துச்சு.

அப்பத்தான் அக்கா திரும்பி வந்தாங்க. மருந்துப் பை ஒரு கையில. செருப்பைக் கழட்டிட்டு வாசல் நிலையில நின்னாங்க. வெயில்ல நடந்து வந்ததுல கழுத்து மூச்சு பெருசா கேட்டுச்சு.

மாமா தலையைத் தூக்கினார். "யாரு?"

அக்கா நிலையில ரெண்டு தட்டு தட்டினாங்க.

மாமாவோட கை தானா பெட்டிக்குப் போச்சு. பயந்த பிள்ளை அம்மா முந்தானையைத் தேடுற மாதிரிதான் போச்சு. பொத்தானை அமுக்கினார். மூச்சு எடுத்து, பாடக்கா குரல் வாசல்ல நிக்கிற பாடக்காவைப் பாத்துச் சொல்லுச்சு: "நான் இங்கே இருக்கிறேன்."

"என் வீட்டுக்காரி இங்க இருக்கா. நீங்க யாருங்க?"ன்னார் மாமா.

சொன்ன மறுநொடியே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. "இல்ல... வாய் தவறி... நீயா? நீதானே?"ன்னு எழுந்து கையை நீட்டினார், தப்பான பக்கம். அக்கா அந்தக் கையைத் தொடல. பையை மேஜையில வெச்சாங்க. பெட்டியை எடுத்து இடுப்புல வெச்சுக்கிட்டு, என் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வெளியில நடந்தாங்க. நூலகம் வரைக்கும் கையை விடல.

மெஷினுக்கு முன்னாடி பெட்டியை வெச்சு, ரெண்டு விரலைக் கத்தரி மாதிரி அசைச்சுக் காட்டினாங்க. வெட்டு.

"நல்லா யோசிச்சீங்களா? இதுவும் போயிட்டா அவருக்கு ஒண்ணுமே இல்ல"னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த காலியான நாற்காலியையே பாத்துட்டு இருந்தாங்க. அப்புறம் மேஜையில ரெண்டு தட்டு.

ஒவ்வொண்ணா அழிச்சேன். மழை, துணி, உணவு. அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஒலிக்கும், அந்த மெஷின் அப்படி. 'நான் இங்கே இருக்கிறேன்' கடைசியா வந்துச்சு. பக்கத்துல உயிரோட நிக்கிறவங்களை நான் என் கையால கொல்ற மாதிரி இருந்துச்சு. பொத்தான்லேர்ந்து கையை எடுத்துட்டேன். அக்காவே எட்டி அமுக்கிட்டாங்க.

திரும்பி வீட்டுக்குப் போறப்போ நானும் கூடப் போனேன். மாமா அதே நாற்காலியில இருந்தார். நாங்க நுழைஞ்சதும் மேஜையைத் தடவிக் காட்டி, "கத்தரி, அவளைக் கொண்டு வந்துட்டியா?"ன்னார்.

"அழிச்சுட்டோம் மாமா."

இத்தனை வருஷத்துல அவர் குரல் உசந்து நான் கேட்டதில்ல. அன்னைக்குக் கேட்டேன். "என்னைக் கேக்காம எப்படி அழிப்பே? எனக்குன்னு மிச்சம் இருந்ததே அவ்வளவுதானே? இனிமே நான் இந்த வீட்ல யார்கூட இருப்பேன்?" மேஜையைப் பிடிச்சுக்கிட்டு ஆடினார். என் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அக்கா பக்கம் திரும்பிப் பாக்க எனக்குத் தெம்பில்ல.

அக்கா கழுத்துத் துணியை அவிழ்த்தாங்க. அவர் முன்னாடி தரையில மண்டி போட்டு உக்காந்து, அவர் வலது கையை எடுத்துத் தன் கழுத்து ஓட்டைக்கு நேரா வெச்சாங்க. அவர் திடுக்கிட்டுக் கையை இழுத்தார். அக்கா விடல. மூச்சு உள்ளங்கையில பட்டு வந்துச்சு, போச்சு. அறையில வேற சத்தமே இல்ல. கொஞ்சம் கொஞ்சமா அந்த மூச்சு தாறுமாறாச்சு. விட்டு விட்டு, திணறித் திணறி. சத்தம் போட முடியாதவங்க அழுதா அப்படித்தான் இருக்கும் போல. நானும் அதுவரைக்கும் பாத்ததில்ல.

மாமா தலையைச் சாய்ச்சு, லைன்ல வர்ற ஆளைக் கேக்குற மாதிரி ரொம்ப நேரம் கேட்டார்.

"கத்தரி, இது யாருன்னு எனக்கு இன்னும் தெரியலம்மா"ன்னு மெதுவா சொன்னார். "ஆனா அழுறாங்க. ரொம்ப அழுறாங்க. நீ கிளம்பு, நான் இவங்ககூட இருக்கேன்."

இன்னொரு கையையும் கொண்டு வந்து அவங்க கழுத்துக்குப் பக்கத்துல வெச்சுக்கிட்டார். நான் கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்.